திருகாணி தொலைந்த கம்மல்

கம்மல் பத்திரமாக இருக்கும். திருகாணியைத்தான் காணோம் என்று வீடே குனிந்து தேடும். பழைய ஆக்‌ஷன் ஃபிகர் சேகரிப்பும் கிட்டத்தட்ட இதே தேடல்தான். மேஜைமேல் இரண்டு லூக் ஸ்கைவாக்கர் பொம்மைகள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே அச்சில் வார்த்தவை, ஒரே மஞ்சள் தலைமுடி, ஒரே வெள்ளைச் சட்டை. ஒன்றின் கைக்குள் இருக்கும் பள்ளத்திலிருந்து மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் குச்சி ஒன்று நழுவி வெளியே வருகிறது. மற்றதில் பள்ளம் மட்டும் இருக்கிறது. ஈர்க்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனான அந்தத் துண்டு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே இரண்டின் விலையும் எங்கெங்கோ போய் நிற்கும்.

இந்த அத்தியாயம் அந்தத் துண்டுகளைப் பற்றியது: துப்பாக்கி, வாள், மேலங்கி, முகமூடி. புதிதாகச் சேகரிக்க இறங்குபவர் முகத்தையும் பெயின்ட்டையும் பார்த்து மயங்குவார். பழகியவரின் கண் முதலில் போவது பொம்மையின் கைக்கு.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளத் தோதானது, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து கென்னர் நிறுவனம் 1978 முதல் 1985 வரை விற்ற ஸ்டார் வார்ஸ் வரிசை. சேகரிப்பாளர்கள் இதைத் துருவி ஆராய்ந்த அளவுக்கு வேறெந்தப் பொம்மையையும் ஆராய்ந்திருக்க மாட்டார்கள். இந்த உரிமம் முதலில் மெகோ நிறுவனத்தின் வாசலுக்குத்தான் போனது. மெகோ வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கென்னர் வாங்கிக்கொண்டது. 1977 மே 25 அன்று படம் வெளியாகி ஓட்டமாக ஓடியபோது கென்னர் கையில் ஒரு பொம்மைகூடத் தயாராக இல்லை. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு அது விற்றது ஓர் அட்டை உறையை. அதற்குள் இருந்த சீட்டைத் தபாலில் அனுப்பினால் லூக், லேயா, சூபாக்கா, ஆர்டூ-டீடூ என நான்கு பொம்மைகள் அடுத்த ஆண்டு வீடு தேடி வரும் என்பது ஏற்பாடு. காலி டப்பாவைக் காசுக்கு விற்றார்கள் என்று இன்றும் கேலி பேசுவார்கள். அந்தக் காலி டப்பாவுக்கே இன்று தனிச் சந்தை இருக்கிறது.

பொம்மையின் உயரம் மூன்றே முக்கால் அங்குலம், அதாவது சுமார் 9.5 சென்டிமீட்டர். அதற்கு முன் ஆக்‌ஷன் ஃபிகர் என்றால் பெரும்பாலும் பெரிய உருவம்தான். 1964-ல் ஹாஸ்ப்ரோ வெளியிட்ட முதல் ஜி.ஐ. ஜோ 12 அங்குலம் இருந்தது. 'டால்' என்று சொன்னால் பையன்கள் தொட மாட்டார்கள் என்பதால் 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பெயரைக் கண்டுபிடித்ததும் அப்போதுதான். ஸ்டார் வார்ஸில் சிக்கல் விண்கலங்களால் வந்தது. 12 அங்குல ஹான் சோலோவை உட்கார வைக்க ஒரு மில்லேனியம் ஃபால்கன் செய்தால் அது கூடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே ஆளைச் சுருக்கினார்கள். ஆள் சுருங்கியதும் அவன் துப்பாக்கியும் சுருங்கியது. சோபா இடுக்கிலும் தோட்டத்து மண்ணிலும் வாக்குவம் கிளீனர் பைக்குள்ளும் அது காணாமல் போகத் தொடங்கியதும் அப்போதிருந்துதான். இன்றைய விலைப்பட்டியலின் பாதியை எழுதியது அந்த வாக்குவம் கிளீனர்கள் என்றால் மிகையில்லை.

மீண்டும் அந்த மஞ்சள் வாளுக்கு வருவோம். மிக ஆரம்பத்தில் வந்த லூக், டார்த் வேடர், ஓபி-வான் கெனோபி மூவருக்கும் வாள் இரண்டு கட்டமாக நீண்டது. கைக்குள்ளிருந்து குச்சி வெளியே வரும். அந்தக் குச்சிக்குள்ளிருந்து இன்னும் மெல்லிய நுனி ஒன்று வரும். பழைய வானொலிப்பெட்டியின் ஏரியலை இழுப்பது போல. அந்த நுனி சட்டென்று உடைந்தது, வளைந்தது, உதிர்ந்தது, செய்யவும் செலவு. சீக்கிரமே கென்னர் அதைக் கைவிட்டு ஒரே கட்டமாக நீளும் வாளுக்கு மாறிவிட்டது. அதனால் இரட்டை நீட்சி வாள் உள்ள பொம்மைகள் குறைவு. மூன்றில் லூக்காவது அவ்வப்போது கண்ணில் படுவார். வேடரும் ஓபி-வானும் மிக அரிது. 'இரட்டை வாள் வேடர்' என்று யாராவது சொன்னால் வாளை வெளியே இழுத்து, நுனியை நீட்டி, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். தயங்குபவரிடம் வாங்கத் தேவையில்லை.

அசலா போலியா என்று பார்க்கத் தண்ணீர்ச் சோதனை ஒன்று சேகரிப்பாளர்களிடையே பிரபலம். ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துத் துப்பாக்கியைப் போடுவார்கள். கென்னரின் அசல் ஆயுதங்கள் பல மிதக்கும்; பின்னாளில் வார்த்த நகல்கள் பல மூழ்கும். போட்டவுடன் மிதப்பதை நம்பக் கூடாது, ஏனெனில் இவ்வளவு சின்னப் பொருளைத் தண்ணீரின் மேற்பரப்பே தாங்கிப் பிடித்துவிடும். விரலால் அடிவரை அமுக்கிவிட்டு விட வேண்டும். தானாக மேலே வந்தால்தான் மிதந்த கணக்கு. இதுவும் முழுச் சான்று ஆகாது: எல்லா அசலும் மிதப்பதில்லை, மிதக்கும் பிளாஸ்டிக்கில் போலி செய்பவர்களும் இருக்கிறார்கள். தண்ணீரோடு பூதக்கண்ணாடியும் வேண்டும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல் ஒரு மயிரிழை சிறுத்திருக்கும். விசைப் பகுதியும் குழலின் விளிம்பும் மழுங்கி, தேய்ந்த சோப்பு மாதிரி தெரியும். சந்தேகமற்ற அசல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு இணையான சோதனை எதுவும் இல்லை. அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் மலிவான, அடிபட்ட, ஆனால் ஆயுதம் மட்டும் அசலான பொம்மைகளை வாங்கி உரைகல்லாக வைத்துக்கொள்கிறார்கள்.

நகல் ஆயுதம் வாங்குவது பாவமா? இல்லை. அலமாரியில் வெறுங்கையோடு நிற்கும் சூபாக்காவுக்கு நகல் வில் கொடுத்து அழகு பார்க்கலாம். நகல் என்று சொல்லாமல் அதை விற்பதுதான் களவு. கையில் இருக்கும் நகல்களைத் தனி உறையில் போட்டு எழுதி வைக்காதவர் ஐந்து வருடம் கழித்துத் தன்னையே ஏமாற்றிக்கொள்வார்.

துணியால் வரும் ஏமாற்று இன்னொரு வகை. முதல் 12 பொம்மைகளில் ஒன்றான ஜாவா, மற்றவற்றைவிட உயரம் குறைந்த குட்டி உருவம். முதலில் அதற்குப் பழுப்பு வினைல் மேலங்கி கொடுத்தார்கள். இவ்வளவு சின்னப் பொம்மைக்கு மற்றவற்றின் அதே விலை, அதிலும் ஒரு வினைல் துண்டா என்று வாங்குபவர் முகம் சுளிப்பாரோ என நினைத்துத் துணி மேலங்கிக்கு மாற்றினார்கள். அந்த மலிவான வினைல் துண்டுதான் இன்று ஜாவாவைத் தூக்கி நிறுத்துகிறது. துணி போட்ட ஜாவா சாதாரணமாகக் கிடைக்கும். ஓபி-வானின் மேலங்கியும் பழுப்பு வினைல்தான். அதைக் கத்தரித்து ஜாவாவுக்குப் போர்த்தி விற்கும் பழைய தந்திரம் இன்னும் நடக்கிறது. விளிம்பைப் பார்க்க வேண்டும்: ஆலையில் வெட்டியது ஒரே சீராக இருக்கும், கத்தரிக்கோல் பட்டது எங்காவது தடம் மாறும். நிறச்சாயலும் ஒத்துப்போகாது. பெரிய தொகை என்றால் இந்த ஒரு பொம்மையைத் தனியாக, அது ஒட்டி வந்த அட்டையில்லாமல் வாங்காமல் இருப்பதே உத்தமம்.

சூப்பர்ஹீரோக்களிலும் இதே கதை உண்டு. மெகோ 1972-ல் தொடங்கிய 8 அங்குல வரிசையில் பேட்மேனும் ராபினும் துணி உடையோடு வந்தார்கள். முதல் பதிப்பில் முகமூடியைக் கழற்றி மாட்டலாம். குழந்தைகள் கழற்றினார்கள், மாட்டத்தான் மறந்தார்கள். அடுத்த பதிப்பில் முகமூடியைத் தலையிலேயே பெயின்ட் அடித்துவிட்டார்கள். கழற்றக்கூடிய முகமூடியோடு முழுசாகக் கிடைக்கும் பேட்மேனுக்காக ஆட்கள் இன்றும் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

தவறாகச் செய்ததே அரிய பொருளாகிவிடுவதும் உண்டு. அமெரிக்காவின் சியர்ஸ் கடைகளுக்காக 1978-ல் கென்னர் செய்த மதுக்கூடத் தொகுப்பில் ஸ்னாக்கிள்டூத் என்ற ஒரு பாத்திரம். சிற்பியிடம் இருந்தது இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும் கறுப்பு-வெள்ளைப் படம். அவர் சராசரி உயரத்தில், நீல உடையில், காலில் பூட்ஸ் மாட்டிச் செய்துவிட்டார். திரைப்படத்தில் அந்தப் பாத்திரம் குள்ளம்; உடை சிவப்பு. பிறகு திருத்தினார்கள். திருத்தியது தாராளமாகக் கிடைக்கிறது. நீலத்துக்குத்தான் கிராக்கி.

இந்த வரிசையின் உச்சம் ஒரு கடையிலும் விற்கப்படாத பொம்மை. நான்கு அட்டைகளின் வாங்கிய அத்தாட்சியை வெட்டி அனுப்பினால் முதுகிலிருந்து ராக்கெட் பாயும் போபா ஃபெட் கிடைக்கும் என்று 1979-ல் கென்னர் விளம்பரம் செய்தது. அதற்குச் சற்று முன்பு வேறொரு விண்வெளிப் பொம்மையின் ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்திருந்தது. கென்னர் பின்வாங்கி, ராக்கெட்டை முதுகோடு அசையாமல் ஒட்டி அனுப்பியது. ஏவும் பொறியோடு மிஞ்சியவை ஆலைக்குள் சோதனைக்காகச் செய்த மாதிரிகள் மட்டுமே. அவற்றில் கையால் பெயின்ட் அடித்த ஒன்று 2024-ல் ஹெரிடேஜ் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. நம் கணக்கில் நாலு கோடி ரூபாய்க்கு மேல். "சின்ன வயசுல எனக்குத் தபால்ல வந்துச்சு, ராக்கெட் பாயும்" என்று சத்தியம் செய்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்றில்லை, அந்த விளம்பரம் மனதில் அப்படிப் பதிந்துவிட்டது. ஆனால் தபாலில் வந்ததாகச் சொல்லி யாராவது ஒன்றை விற்க வந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

பொம்மையைத் திருப்பிக் காலின் பின்புறத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கென்னரின் தாய் நிறுவனத்தைக் குறிக்கும் ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. என்ற எழுத்துகள், ஓர் ஆண்டு, ஹாங்காங் போன்ற ஓர் ஊர் அல்லது நாட்டின் பெயர் பொடி எழுத்தில் அங்கே இருக்கும். 1977 என்று இருந்தால் 1977-ல் செய்தது என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அது உருவத்தின் காப்புரிமை ஆண்டு. அதே அச்சு 1983-ல் ஓடியபோதும் காலில் 1977தான் இருந்தது. தயாரான காலத்தை ஓரளவு சொல்வது அட்டை. பின்புறத்தில் 12 பொம்மைகளின் படம் மட்டும் இருந்தால் அது முதல் சுற்று. படங்களின் எண்ணிக்கை கூடக் கூட வயது குறையும்.

அட்டையோடு அப்படியே வைத்தால் ஒருநாள் கோடி கிடைக்கும் என்று நம்பி இறங்குபவருக்கு 1990-களின் கதை தெரிந்திருக்க வேண்டும். 1995-ல் கென்னர் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளைத் திரும்பக் கொண்டுவந்தது. லூக்குக்குக்கூட மல்யுத்த வீரர் போலத் தோள் புடைத்திருந்தது. 1999-ல் எபிசோட் ஒன்று படத்தையொட்டி மே 3 நள்ளிரவில் கடைகளைத் திறந்து விற்றார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலானோர் பிரிக்கவே இல்லை. பெட்டி பெட்டியாகப் பரணில் ஏற்றினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எல்லாமே பிழைத்துவிட்டது. இன்றைக்கு அவற்றில் பெரும்பகுதி அன்று கொடுத்த விலைக்கே திண்டாடுகிறது. 1978-ன் பொம்மைகளுக்கு விலை வந்ததே அன்றைய குழந்தைகள் அவற்றை விளையாடித் தீர்த்ததால்தான்.

இந்தியாவில் இருந்துகொண்டு தொடங்க நினைப்பவருக்கு வீட்டுக்கு அருகிலேயே ஒரு சுரங்கம் இருக்கிறது. சென்னையின் எம்.ஆர்.எஃப். குழுமத்தைச் சேர்ந்த ஃபன்ஸ்கூல், ஹாஸ்ப்ரோவின் உரிமத்தோடு ஜி.ஐ. ஜோ பொம்மைகளை இங்கேயே செய்து விற்றது. அச்சு அமெரிக்காவிலிருந்து வந்தது. நிறங்களும் ஆயுதங்களும் பல நேரங்களில் அமெரிக்கப் பதிப்போடு ஒட்டாமல் தம் போக்கில் இருந்தன. அங்கே பச்சை என்றால் இங்கே வேறு. அந்த விசித்திர நிறங்களுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஃபன்ஸ்கூல் பதிப்பைத் தேடுகிறார்கள். உறவினர் வீட்டுப் பரணில், பழைய பொம்மை மூட்டைக்குள் இது இன்னும் அகப்படக்கூடும்.

அப்படி அகப்பட்டதை எடுத்த வேகத்தில் இடுப்பைத் திருகக் கூடாது. இந்த வகைப் பொம்மையின் மேலுடலையும் கால்களையும் இழுத்துப் பிடிப்பது உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் வளையம். முப்பது வருடத்தில் அது காய்ந்து வெடித்திருக்கும். திருகினால் பொம்மை இரண்டாகக் கையோடு வரும். பயப்பட வேண்டியதில்லை. முதுகில் ஒரே ஒரு திருகு. கழற்றினால் மார்பும் முதுகும் பிரியும். கைகள், தலை, இடுப்புக் கொக்கி எல்லாம் எந்தெந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்று உடனே ஒரு படம் எடுத்துவிட வேண்டும். பழைய வளையத்தின் மிச்சத்தை வழித்தெடுத்துப் புது ஓ-ரிங்கைக் கொக்கியில் மாட்டி மூடினால் ஆள் எழுந்து நிற்பார். இதற்கென்றே அளவெடுத்த ஓ-ரிங் இணையத்தில் கிடைக்கும். மோட்டார் பம்ப் சாமான் விற்கும் கடையிலும் மாதிரியைக் காட்டித் தேடலாம். திருகை இறுக்கும்போது விரல் நுனி வலு போதும். மணிக்கட்டைப் பயன்படுத்தினால் பிளாஸ்டிக் விரியும்.

அடுத்து, கட்டைவிரல். ஜி.ஐ. ஜோவின் கட்டைவிரல் துப்பாக்கியைத் திணிக்கும்போது ஒடியும் என்பது அந்தக் காலத்துக் குழந்தைகள் எல்லோரும் பட்டறிந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஒரு நிமிடம் நனைத்தால் பிளாஸ்டிக் இளகும், பிறகு மாட்டலாம். கொதிநீர் வேண்டாம்.

கழுவுவதில் ஆளுக்கு ஒரு பக்குவம். பெரும்பாலான பொம்மைகளுக்குக் குளிர்ந்த தண்ணீர், துளி பாத்திரம் கழுவும் திரவம், மிருதுவான பிரஷ் போதும். பழைய வினைல் பாகங்களில் பிசுபிசுப்பு வந்தால் அது அழுக்கு அல்ல; பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருந்த வேதிப்பொருள் வெளியே கசிகிறது. இதே கழுவல்தான் அதற்கும், ஆனால் சில மாதங்களில் திரும்பவும் வரும். ஆர்டூ-டீடூவை மட்டும் தண்ணீரில் போடவே கூடாது, உடம்பைச் சுற்றியிருக்கும் நுணுக்கமெல்லாம் காகித ஸ்டிக்கர். சீ-த்ரீபீஓவின் தங்க முலாம் அழுத்தித் தேய்த்தால் துணியோடு வந்துவிடும். மஞ்சளான ஸ்டார்ம்ட்ரூப்பரைப் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்கச் செய்யும் காணொளிகள் ஏராளம். வெளுக்கும், பிறகு மீண்டும் மஞ்சளாகலாம். வெளுத்ததைச் சொல்லாமல் விற்றால் பெயரும் கெடும்.

கடற்கரை ஊர்களில் ஈரமே முதல் எதிரி. அட்டை உப்பும், ஒட்டிய குமிழ் விட்டுப்போகும், ராமபாணப் பூச்சி அட்டையின் மேல்தாளைச் சுரண்டித் தின்னும். பூச்சிக்குப் பயந்து புடவைப் பெட்டியில் போடுவதுபோல பாச்சை உருண்டையைப் போட்டுவிடுகிறார்கள். அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிப் பெயின்ட்டையும் கெடுத்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும், நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். 2000-ல் ஹாங்காங்கில் தொடங்கிய ஹாட் டாய்ஸ் செய்வதுபோன்ற ஒரு அடி உயரப் பொம்மைகளை வாங்குபவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவ்வகை அயர்ன் மேன் பொம்மையின் மார்பில் ஒளிரும் விளக்குக்கான பொத்தான் பேட்டரியைக் காட்சி முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். கசிந்தால் உள்ளே அரித்துவிடும். மற்றச் சூப்பர்ஹீரோக்கள் போட்டிருக்கும் தோல்போன்ற உடை பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு. காற்றின் ஈரத்தில் அது சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும், பெட்டியைப் பிரிக்காவிட்டாலும் உரியும். நம் வானிலையில் துணி உடை, வார்த்த உடை உள்ளவற்றுக்கே முதலிடம் கொடுப்பது புத்திசாலித்தனம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர் பட்டியல் விலையைப் பார்த்து மட்டும் கணக்குப் போடக் கூடாது. இந்தியா பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரியை 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தியது. மற்ற வரிகளும் கூரியர் கட்டணமும் அதன்மேல். 2021 ஜனவரி முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். முத்திரை கட்டாயம் என்பதால் பொட்டலம் சுங்கத்தில் தங்கிவிடுவதும் உண்டு. பொம்மையும் வரியும் மோதுவது நமக்கு மட்டும் வந்த வினை இல்லை. அமெரிக்காவில் மனித உருவம் என்றால் 'டால்', 12 சதவீதம். இல்லையென்றால் வெறும் பொம்மை, 6.8 சதவீதம் என்று ஒரு காலத்தில் பிரித்திருந்தார்கள். தன் எக்ஸ்-மென் பொம்மைகள் மனிதர்கள் அல்ல என்று டாய் பிஸ் நிறுவனம் வழக்காடி 2003-ல் வென்றது. காமிக்ஸ் முழுக்கத் தாங்களும் மனிதர்களே என்று போராடும் பாத்திரங்கள்! ரசிகர்கள் அன்று கொதித்ததில் ஆச்சரியமில்லை.

பணம் அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் ஐந்து படங்கள் கேட்டு வாங்க வேண்டும்: முன்புறம், பின்புறம், காலின் எழுத்து, ஆயுதம் கையில் இல்லாமல் தனியாக, மேலங்கி கழற்றியபடி. வினைல் மேலங்கியில் கை நுழையும் துளையின் ஓரம் கிழிந்திருக்கிறதா என்பது கழற்றினால்தான் தெரியும். வந்த பொட்டலத்தைப் பிரிக்கும்போது கீழே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்வது நல்லது. நாற்பது வருடம் பிழைத்து, கடல் தாண்டி வந்த லேயாவின் துப்பாக்கி தெறித்து விழுந்தால் மொசைக் தரையின் கறுப்புப் புள்ளிகளுக்கு நடுவே அதைக் கண்டுபிடிக்க முடியாது. பிறகு துப்பாக்கிகளைப் பொம்மையோடு வைக்காமல், கிழமை வாரியாக மாத்திரை போட்டு வைக்கும் டப்பா ஒன்றில் அறைக்கு ஒன்றாகப் போட்டு, மூடியில் பெயர் ஒட்டிவிடலாம். மருந்துக் கடையில் கிடைக்கும். ஞாயிறு லேயாவுக்கு, திங்கள் ஹானுக்கு.